துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த போர்முனை: சியாச்சினில் ஒரு சாதாரண சிப்பாய் எதோடு சண்டை போடுகிறார்?

வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ஆகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி ஆகட்டும். மிலிட்டரியில் இருந்து லீவுக்கு வந்தவரைப் பார்த்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அங்க சண்டையெல்லாம் நடக்குதா மாமா?"

பல நேரம் பதில் ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். "சண்டையெல்லாம் இல்லப்பா... குளிருதான்!"

அந்தக் 'குளிரு'க்குள் என்ன இருக்கிறது என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

உலகின் மிக உயரமான போர்முனை என்று சொல்லப்படும் சியாச்சினில், 2003 நவம்பரில் வந்த சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு பீரங்கிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஆனால் சாவு ஓயவில்லை. 2016-ல் ஒரே நாளில் அங்கே பனிக்குள் புதைந்தவர்கள் 10 பேர். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

குண்டே பாயாத இடத்தில் ராணுவ வீரர்கள் எப்படிச் சாகிறார்கள்? அங்கே நிற்கும் ஒரு சாதாரண சிப்பாய்க்கு ஒரு நாள் எப்படிப் போகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

2016 பிப்ரவரி 3: என்ன நடந்தது?

சியாச்சின் பனிமலையின் வடக்குப் பகுதியில் இருக்கிறது சோனம் முகாம். உயரம் சுமார் 19,600 அடி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த வீரர்கள் அங்கே காவலில் இருந்தார்கள்.

பிப்ரவரி 3-ம் தேதி அதிகாலை, முகாமுக்கு மேலே இருந்த பனிச்சுவர் ஒன்று பெயர்ந்து விழுந்தது. சுமார் 800 அடிக்கு 400 அடி இருந்த அந்தச் சுவர், கீழே இருந்த கூடாரங்களை அப்படியே மூடிவிட்டது. உள்ளே 10 பேர்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் தென் மாநிலங்கள்தான். அந்தப் பத்துப் பேரின் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. கர்நாடகத்தில் இருந்து 3 பேர், கேரளாவில் இருந்து ஒருவர், ஆந்திராவில் இருந்து ஒருவர், மருத்துவ உதவியாளராக இருந்த மகாராஷ்டிராக்காரர் ஒருவர். மீதி 4 பேர் தமிழர்கள்:

• ஹவில்தார் ஏழுமலை, வேலூர் மாவட்டம்
• லான்ஸ் ஹவில்தார் குமார், தேனி மாவட்டம் குமணன்தொழு
• சிப்பாய் கணேசன், மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டி
• சிப்பாய் ராமமூர்த்தி, கிருஷ்ணகிரி மாவட்டம்

வத்திராயிருப்பில் நின்று பார்த்தால் மேற்கே மலை. சதுரகிரிக்கு ஏறுகிறவர்கள் அந்த மலையைத் தாணிப்பாறை வழியாக ஏறுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. குமாரின் குமணன்தொழு அங்கேதான். வடக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் மதுரை மாவட்டம், கணேசனின் ஊர் இருக்கும் மாவட்டம். பனியைச் சினிமாவில் மட்டுமே பார்த்து வளர்கிற ஊர்கள் இவை. மார்கழி அதிகாலையில் ஸ்வெட்டர் போட்டாலே இங்கே பெரிய குளிர்தான்.

சரி, சியாச்சினில் ஏன் ராணுவம்?

1949-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் காஷ்மீரில் எல்லைக்கோடு போட்டபோது, 'என்ஜே 9842' என்ற ஒரு புள்ளியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலே வெறும் பனி. மனுஷன் போய் நிற்கவே முடியாத இடத்துக்குக் கோடு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகும் அந்த நிலைமை மாறவில்லை.

அந்தக் கோடு போடாத இடம்தான் பிறகு தகராறாக வெடித்தது. 1984 ஏப்ரல் 13-ம் தேதி இந்திய ராணுவம் 'ஆபரேஷன் மேக்தூத்' என்ற பெயரில் வீரர்களை அங்கே ஏற்றியது. சியாச்சினுக்கு மேற்கே இருக்கும் சால்டோரோ மலைத்தொடரின் முக்கியமான உச்சிகள் இந்தியா வசம் வந்தன.

மேலே ஏறியவர்கள் இறங்கினால் எதிராளி ஏறிவிடுவார். அதனால் அன்றிலிருந்து இன்றுவரை யாரோ ஒருவர் அங்கே நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சுடுவதற்காக இல்லை. 'இங்கே ஆள் இருக்கிறது' என்று காட்டுவதற்காக.

19,600 அடி என்றால் எவ்வளவு உயரம்?

தமிழ்நாட்டின் உயரமான சிகரம் ஊட்டி தொட்டபெட்டா. அது சுமார் 8,650 அடி. சோனம் முகாம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கிறது.

சதுரகிரி ஏறுகிறவர்களுக்கே பாதி வழியில் மூச்சு வாங்கும். ஆனால் அது ஏறிய களைப்பு. உட்கார்ந்து ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும். சியாச்சினில் சும்மா படுத்திருந்தாலும் மூச்சு வாங்கும். காரணம், காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட பாதிதான்.

அதனால் யாரையும் நேராக மேலே அனுப்பிவிட முடியாது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேரும் பையனுக்கு நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. அந்த மலைக்குளிர் எல்லாம் இங்கே கணக்கிலேயே வராது. உடம்பைப் பழக்க ராணுவம் மூன்று கட்டம் வைத்திருக்கிறது:

• 9,000 முதல் 12,000 அடி வரை: 6 நாள்
• 12,000 முதல் 15,000 அடி வரை: 4 நாள்
• 15,000 அடிக்கு மேல்: 4 நாள்

இந்த 14 நாளில் ரத்தமும் நுரையீரலும் ஓரளவு பழகும். கூடவே பனியில் நடப்பது, கயிறு கட்டுவது, பனிப்பிளவில் விழுந்தவரைத் தூக்குவது என்று அடிவார முகாமில் தனிப் பயிற்சியும் உண்டு. அதற்குப் பிறகு பல நாள் நடை. எல்லோரும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால், பெரும்பாலும் இருட்டிலும் விடிவதற்கு முன்னாலும்தான் இந்த நடை.

மேலே ஒரு நாள் எப்படிப் போகும்?

மேல் முகாம்களில் ஒரு வீரர் சுமார் மூன்று மாதம் இருக்க வேண்டியிருக்கும். ஒரு முகாமில் சில பேர்தான் இருப்பார்கள். மூன்று மாதமும் அதே முகங்கள், அதே வெள்ளை.

தண்ணீர்: சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பனியை உருக்கினால்தான் உண்டு. அந்தப் புகையும் கரியும் கூடாரத்துக்குள்ளேயே சுற்றும். குளிப்பது என்பது கீழே இறங்கிய பிறகு நடக்கும் விஷயம்.

சோறு: அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 80 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பானையில் அரிசி போட்டால் எவ்வளவு நேரம் ஆனாலும் நடுவில் வேகாது. பிரஷர் குக்கர் இல்லையென்றால் சோறு இல்லை. சோறு வெந்தாலும் இறங்காது. பசியே எடுக்காமல் போவது அந்த உயரத்தின் முதல் அடையாளம். ஆப்பிளும் முட்டையும் கல் மாதிரி உறைந்துபோகும்.

துப்பாக்கி: கையுறை இல்லாமல் உலோகத்தைத் தொட்டால் விரல் தோல் அதோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் விரலையே இழக்க நேரிடும்.

தூக்கம்: ஆக்சிஜன் குறைவு என்பதால் கண் அயர்ந்ததும் மூச்சு முட்டி விழிப்பு வரும். இரவெல்லாம் இப்படியே போகும். விடிந்ததும் வாசலில் விழுந்த பனியை வாரிக் கொட்ட வேண்டும். விட்டுவிட்டால் கூடாரமே மூடிவிடும். மூச்சு இல்லாத இடத்தில் மண்வெட்டி பிடிக்கும் வேலை இது.

கண்: வெயில் பனியில் பட்டுத் திரும்பும்போது புற ஊதாக் கதிர் நேராகக் கண்ணில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நின்றால், கண்ணில் மணல் கொட்டியது மாதிரி எரிந்து பார்வையே மங்கிவிடும்.

எது கொல்கிறது?

மேலே இருக்கும் வீரர்கள் பயப்படுவது எதிரியின் தோட்டாவுக்கு அல்ல. முக்கியமாக நான்கு விஷயங்கள்.

முதலாவது, நுரையீரலில் நீர் கோப்பது. சாதாரணச் சளி, இருமல் மாதிரிதான் ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் முற்றி, மூச்சே விட முடியாமல் போகும்.

இரண்டாவது, மூளை வீக்கம். தலைவலி, தள்ளாட்டம், உளறல். கூட இருப்பவர் கவனிக்காவிட்டால் ஆள் தூக்கத்திலேயே போய்விடுவார். இந்த இரண்டுக்கும் உண்மையான மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறக்குவது. வானிலை சரியில்லாமல் ஹெலிகாப்டர் வர முடியாவிட்டால், ஆளைக் காற்றடைத்த பெரிய பை ஒன்றுக்குள் படுக்கவைத்து உள்ளே அழுத்தத்தை ஏற்றுவார்கள். சில ஆயிரம் அடி கீழே இறங்கியது மாதிரி உடம்பு நம்பும். அது நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பனிக்கடி. ரத்தம் போகாமல் விரலும் மூக்கும் காதும் கறுத்து, சில நேரம் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

நான்காவது, பனிச்சரிவும் பனிப்பிளவும். இதில் எச்சரிக்கை கிடைப்பதே அபூர்வம்.

1984-ல் இருந்து 2015 நவம்பர் வரை சியாச்சினில் உயிரிழந்த இந்திய வீரர்கள் 869 பேர் என்பது அரசு வெளியிட்ட கணக்கு. இதில் 33 பேர் அதிகாரிகள். 54 பேர் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகள். மீதி 782 பேர் சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று அதற்குக் கீழே உள்ளவர்கள். அதாவது பத்தில் ஒன்பது பேர் சாதாரண வீரர்கள். சினிமாவில் பெயர் வராத, ஊர்க் கல்வெட்டில் மட்டும் பெயர் இருக்கிற ஆட்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2012 ஏப்ரல் 7-ம் தேதி கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் ராணுவ முகாம் ஒன்று பனிச்சரிவில் புதைந்து 140 பேர் இறந்தார்கள். மலைக்கு எந்த நாட்டுச் சீருடை என்று தெரியாது.

ஆறு நாள் பனிக்குள் இருந்த ஹனுமந்தப்பா

சோனம் முகாமுக்கே திரும்பலாம். பனிச்சரிவு நடந்த மறுநாளே இரங்கல் செய்திகள் வந்துவிட்டன. யாரும் பிழைத்திருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் நாடு நினைத்தது. மேலே இருந்தவர்கள் மட்டும் தோண்டுவதை விடவில்லை.

பகலிலேயே மைனஸ் 25 டிகிரி, ராத்திரியில் அதற்கும் மிகக் கீழே. விழுந்தது பஞ்சு மாதிரிப் பனி அல்ல, கான்கிரீட் மாதிரி இறுகிய பனிக்கட்டி. பாறையைத் துளைக்கும் கருவிகள், மின்சார ரம்பங்கள், ரேடார் எல்லாம் ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்டன. டாட், மிஷா என்ற இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்துக் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். பத்து நிமிஷம் தோண்டினாலே மூச்சு நிற்கிற உயரத்தில் இதை நாள் கணக்கில் செய்தார்கள்.

பிப்ரவரி 8-ம் தேதி இரவு, சுமார் 25 அடிக்குக் கீழே ஒருவர் உயிரோடு கிடைத்தார். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத். கர்நாடக மாநிலம் தார்வாட் மாவட்டக்காரர், வயது 33. கூடாரத்துக்குள் சிக்கிய கொஞ்சம் காற்றுதான் அவரை அத்தனை நாள் வைத்திருந்தது.

டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு நினைவில்லை. எலும்பு முறிவு இல்லை, பனிக்கடியும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் உறைந்திருந்த உடம்பு சூடேறி, ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. அவ்வளவு நாள் ரத்த ஓட்டம் குறைந்திருந்த பாகங்களில் தேங்கிய கழிவெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளுறுப்புகளுக்கு வரும். சிறுநீரகமும் கல்லீரலும் தாங்காது. பிப்ரவரி 11-ம் தேதி அவர் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் உயிரோடு கிடைக்கவில்லை. வானிலை மோசமாக இருந்ததால் உடல்களைக் கீழே இறக்கவே பல நாள் ஆனது. தமிழ்நாட்டில் நான்கு வீடுகள் அத்தனை நாளும் காத்திருந்தன.

ஹனுமந்தப்பாவின் 13 வருட சர்வீஸில் 10 வருடம் ஆபத்தான இடங்கள்தான். ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு, கடைசியில் சியாச்சின். இது தனிக்கதை அல்ல. காலாட்படைச் சிப்பாய் ஒருவரின் சர்வீஸ் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

38 வருடம் கழித்து வந்த உடல்

எல்லோரும் உடனே கிடைப்பதும் இல்லை. 1984 மே 29-ம் தேதி, ஆபரேஷன் மேக்தூத் தொடங்கிய சில வாரங்களில், 19 குமாவுன் பட்டாலியனின் ரோந்துக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. அதில் இருந்த லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவின் உடல் 2022 ஆகஸ்ட்டில்தான் கிடைத்தது. அடையாளம் காட்டியது, ராணுவ எண் பொறித்த சின்ன உலோகத் தகடு.

உத்தராகண்டில் அவருடைய மனைவி 38 வருடம் காத்திருந்து கணவரின் உடலைப் பெற்றார். போர்முனைக்குப் போகும் ஒவ்வொரு சிப்பாயும் அந்தத் தகட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறார். அது எதற்கு என்று அவருக்கும் தெரியும்.

கண்ணாடி, ஷூ, சாப்பாடு: குறை இருந்ததா?

இருந்தது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. எனும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. உயரமான முகாம்களுக்கான பனிக்கண்ணாடிகளுக்குத் தட்டுப்பாடு இருந்தது. சிறப்பு ஷூக்கள் வந்து சேராததால் பழைய ஷூக்களைச் சரிசெய்து பயன்படுத்த வேண்டியிருந்தது. முகக்கவசம், ஜாக்கெட் போன்றவற்றில் பழைய மாடல்களே வாங்கப்பட்டிருந்தன.

சாப்பாட்டு விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஒரு உணவுப் பொருளுக்குப் பதிலாக விலை கூடிய வேறு பொருளை, அதே பணத்துக்குள் கொடுத்தார்கள். பணம் அதேதான், ஆனால் தட்டில் விழும் அளவு குறையும். இதனால் கலோரி 82 சதவீதம் வரை குறைய நேர்ந்தது என்றது அறிக்கை. பசியே எடுக்காத இடத்தில், சாப்பிடும் கொஞ்சத்திலும் சத்து குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அறிக்கை பேசுவது பழைய வருடங்களைப் பற்றி, இப்போது குறைகள் சரிசெய்யப்பட்டுவிட்டன என்பது ராணுவத் தரப்பின் பதில்.

படித்தொகை ஒன்று கூடியிருக்கிறது. சியாச்சின் அலவன்ஸ் 2017-ல் ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் மாதம் 14,000 ரூபாயில் இருந்து 30,000 ஆனது. அதிகாரிகளுக்கு 21,000-ல் இருந்து 42,500.

இப்போது சேரும் பையன்களுக்கு என்ன வித்தியாசம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ரோடுகளில் விடியற்காலையில் ராணுவத் தேர்வுக்காக 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகும் பையன்களுக்கு இது முக்கியமான கேள்வி.

2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய் வேலை 4 வருடம்தான். அதன்பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டுமே நிரந்தரம். போகும் இடமும் குளிரும் அதேதான். 2023 அக்டோபரில் மகாராஷ்டிராவைச் சேர்ந்த அக்னிவீர் அக்ஷய் லக்ஷ்மண் கவதே சியாச்சின் பணியில் இறந்தபோது இந்த விவாதம் பெரிதாக எழுந்தது.

பணியின் காரணமாக இறக்கும் அக்னிவீரின் குடும்பத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு, 44 லட்சம் ரூபாய் கருணைத்தொகை, மீதமிருக்கும் பணிக்காலச் சம்பளம், சேவா நிதி ஆகியவை உண்டு. நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதாந்திரக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய தொகைதான் என்பது ஒரு தரப்பு. ஒரே கயிற்றில் கட்டி நடக்கும் இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்கு மட்டும் ஓய்வூதியம் என்பது என்ன நியாயம் என்பது மறுதரப்பு. மனு போடும் முன் பையனும் வீட்டில் உள்ளவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்?

சியாச்சினில் இருந்து ராணுவத்தை இரு தரப்பும் விலக்கிக்கொள்ளலாமா என்று இரண்டு நாடுகளும் பல சுற்று பேசிப் பார்த்துவிட்டன. முடிவு வரவில்லை. அதுவரை, வெயிலில் வளர்ந்த ஏதோ ஒரு கிராமத்துப் பையன் அங்கே நின்றுகொண்டுதான் இருப்பான்.

அவன் லீவில் வந்தால் "சண்டை நடக்குதா?" என்று மட்டும் கேட்டால், "குளிருதான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கேட்க வேண்டியவை வேறு. ராத்திரி தூக்கம் வந்ததா? சோறு இறங்கியதா? கண்ணாடியும் ஷூவும் சரியாகக் கொடுத்தார்களா? கீழே வந்த பிறகு மூச்சு, ஞாபகம் எல்லாம் எப்படி இருக்கிறது?

சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கலாம். டீ ஆறினாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்கலாம்.